கழற்றி எறிந்தால் குளிர்ந்துவிடுமா?

புதுச்சேரியில் டர்போ பூட்டிய கார் வைத்திருப்போரிடையிலும், அவற்றைப் பழுதுபார்க்கும் பல பட்டறைகளிலும் வேரூன்றிவிட்ட ஓர் அபிப்பிராயத்தை மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த அபிப்பிராயம் இது: டர்போ என்பது சூட்டைப் பெருக்கும் சாதனம், நம் ஊர் வெயிலோ அதற்கும் மேல், ஆகவே பானெட்டுக்குள் சேரும் உஷ்ணத்தைக் குறைக்க வேண்டுமானால், குளிர்தேசத்தாரின் சௌகரியத்துக்காக வைக்கப்பட்ட தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட வேண்டும், ரேடியேட்டர் ஃபேனைச் சாவியோடு நேரே இணைத்து இடைவிடாமல் ஓடவிட வேண்டும், விலை கொடுத்துக் கூலன்ட் வாங்குவதற்குப் பதில் தண்ணீரை ஊற்றினால் போதும், காற்றை அடைக்கும் அண்டர் கவரையும், சத்தம் போடும் ஹீட் ஷீல்டையும் அகற்றி, பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துச் சற்றே தூக்கிவிட்டால் சூடு தானாகவே வெளியேறிவிடும். "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வே தேவையில்லை சார், கழட்டிடலாம்" என்ற யோசனை, கேட்பவருக்கு நன்மை செய்யும் எண்ணத்தோடுதான் சொல்லப்படுகிறது. ஆயினும் நல்லெண்ணம் தவறான காரியத்தைச் சரியாக்கிவிடாது.

அந்த அபிப்பிராயம் வெறும் அறியாமையிலிருந்து பிறந்தது என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. சனி ஞாயிறுகளில் வெளியூர் வாகனங்கள் நகருக்குள் வந்து குவிய, மறைமலையடிகள் சாலையில் ஏ.சி. ஓட முதல் கியரிலேயே ஊர்ந்துவந்து, வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறப்பவரின் முகத்தில் அடிக்கும் அனல் கற்பனையன்று. வால்வு மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு, ஒரே பிரயாணத்தில் ஹெட் கேஸ்கெட்டைப் பலிவாங்கிய வண்டிகளைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் அந்த வால்வின்மீது அவநம்பிக்கை கொள்வதற்கும் காரணம் உண்டு. வால்வைக் கழற்றிய பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டிச் சீராக ஓட்டிப் பார்த்தால், யந்திரத்தின் உஷ்ணம் முன்னிலும் தாழ்ந்து நிற்பது பிரத்தியட்சம். அம்பாசிடர் கார்கள் வால்வு இல்லாமல், கிணற்றுத் தண்ணீரோடு பல்லாண்டு ஓடியதைக் கண்ட பெரியோரின் சாட்சியம் பொய்யன்று. சுத்தமான தண்ணீர், கூலன்ட் கலந்த நீரைக் காட்டிலும் சற்று அதிகமான உஷ்ணத்தைச் சுமக்க வல்லது என்பதும் பௌதிக சாஸ்திரம் ஒப்புக்கொள்ளும் உண்மை. இத்தனையையும் ஏற்றுக்கொண்ட பின்னும், இவற்றிலிருந்து அவர்கள் பெறும் முடிவு தவறானது என்றே சொல்கிறேன். எந்தத் தீங்கைப் போக்கப் புகுந்ததோ, அந்தத் தீங்கையே அது வளர்க்கிறது. காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. எந்த உஷ்ணத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

முதல் பிழை இங்கேதான் நேர்கிறது. எரிபொருள் எரிந்து பிறக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு குளிர்நீரின் வழியாகவும் யந்திரத்தின் மேற்பரப்பின் வழியாகவும் கழிகிறது. எஞ்சிய பங்கு புகையோடு போகிறது. டர்போ அமர்ந்திருப்பது இந்த மூன்றாவது பங்கின் பாதையில். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் பியூகி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்தின் சாரமே, வீணாகும் புகையின் சக்தியால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியைக் கொண்டு யந்திரத்துக்குள் காற்றை அழுத்தி அனுப்புவதுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சுப் பொறியாளர் ஒகுஸ்த் ரத்தோ அதை ரெனோ விமான யந்திரத்தில் பொருத்திக் காட்டிய நாள் முதல் இன்றுவரை, டர்போவின் சூடு என்றால் புகையின் சூடு என்றே பொருள்.

பெட்ரோல் யந்திரத்தை முழுச் சுமையில் ஓட்டும்போது டர்போவுக்குள் நுழையும் புகை 900 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடியது. டர்பைன் கூட்டின் வெளிப்புறம் 650 பாகையில் இருப்பதாகக் கொள்வோம். குளிர்நீரோ 90 பாகையில் இருக்கிறது. ஒரு பொருள் கதிர்களாக வீசும் வெப்பம், அதன் தனி உஷ்ணநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும் என்பது நிலைபெற்ற விதி. அக்கணக்கின்படி, ஒரே தன்மையுள்ள மேற்பரப்பாயின், அந்தக் கூட்டின் ஒவ்வொரு சதுர அங்குலமும், 90 பாகையில் இருக்கும் யந்திர உடலின் ஒரு சதுர அங்குலத்தைக் காட்டிலும் 40 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தை வீசுகிறது. பானெட்டுக்குள் வயரையும் ரப்பரையும் வாட்டுவதில் முதலிடம் இந்த வீச்சுக்கே. குளிர்நீரை 90-லிருந்து 75-க்கு இறக்குவதால் அந்தக் கூடு ஒரு பாகைகூடத் தணிந்துவிடுவதில்லை. நோய் ஓரிடத்தில் இருக்கச் சிகிச்சை வேறோரிடத்தில் நடக்கிறது.

2. சூடேறும் வேளையில் அந்த வால்வு என்ன செய்துகொண்டிருக்கிறது?

கழற்றிய வால்வைக் குப்பையில் எறிவதற்கு முன், பட்டறை அடுப்பிலேயே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஓர் உஷ்ணமானியையும் வைத்துப் பாருங்கள். வால்வின் விளிம்பில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். தண்ணீர் அந்த அளவை நெருங்கும்போது, நடுவிலுள்ள பித்தளைக் குப்பிக்குள் அடைத்த மெழுகு உருகி விரிந்து, வட்டத் தகட்டை அதன் இருக்கையிலிருந்து மெல்ல எழுப்பும். மேலும் பத்துப் பதினைந்து பாகை ஏறுவதற்குள் அது முழுமையாகத் திறந்துவிடும். ஆக, போக்குவரத்து நெரிசலில் யந்திரம் 100 பாகையைத் தாண்டித் தவிக்கும் வேளையில், குற்றவாளி என்று நாம் பிடித்துக்கொண்ட வால்வு ஏற்கெனவே முற்றிலும் திறந்து நிற்கிறது. திறந்திருக்கும் கதவைப் பெயர்த்து எறிவதால் வாசல் அகலமாகிவிடாது.

அவ்வளவோடு நின்றாலும் பொறுத்துக்கொள்ளலாம்; நிற்பதில்லை. அதே பாத்திரத்தில் வால்வின் அடிப்பக்கத்தைக் கவனித்தால், பல வகைகளில் வேறொரு சிறு தகடு கீழ்நோக்கி இறங்குவதைக் காணலாம். ரேடியேட்டருக்குப் போகாமல் யந்திரத்துக்குள்ளேயே நீர் சுற்றிவரும் குறுக்குவழியை அடைப்பது அதன் காரியம். இவ்வமைப்புள்ள யந்திரத்தில் வால்வைக் கழற்றினால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும்; பம்பு தள்ளும் நீரில் ஒரு பகுதி, குளிர்ச்சி பெறாமலே மறுபடியும் யந்திரத்துக்குள் திரும்பும். கடற்கரைச் சாலையில் வேகமாய் ஓடும்போது இதன் விளைவு தெரிவதில்லை. ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கத்திரி வெயிலில் ஊர்ந்து செல்லும்போது, அதாவது நிவாரணம் மிகவும் தேவைப்படும்போது, அது தெரியவரும். வால்வு சிக்கிக்கொள்ளும் என்ற அச்சத்துக்குப் பரிகாரம் புதிய வால்வே, வால்வின்மை அன்று.

3. எவ்வளவுக்கெவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவுக்கவ்வளவு நன்மை என்பது உண்மையா?

யந்திரம் மனித தேகமன்று. குளிர்ந்திருப்பது அதற்குச் சுகமுமன்று. இக்காலத்து யந்திரத்தை நடத்தும் கணினி, நீரின் உஷ்ணம் உரிய அளவை எட்டாதவரை, யந்திரம் இப்போதுதான் கிளம்பியிருக்கிறது என்று கருதிப் பெட்ரோலைச் சற்று மிகுதியாக ஊட்டுகிறது. எரியாமல் எஞ்சும் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் வழியே வழிந்து ஆயிலில் கலக்கிறது. யந்திரம் போதிய அளவு சூடேறாமையால் அது ஆவியாகிப் போவதுமில்லை. இப்படி நீர்த்துப்போகும் ஆயிலை நம்பி வாழும் உறுப்புகளில் தலையாயது டர்போ. சிறிய டர்போவின் அச்சு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள்வரை சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலமேயன்றி வேறொன்றுமில்லை. அந்தப் படலம் வலுவிழந்தால் அச்சு தேயும். தேய்ந்த டர்போ ஆயிலைக் கசியவிடும்.

டீசல் வண்டிக்காரருக்கு விபரீதம் இன்னும் விரைவில் வரும். 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு இணங்கக் கட்டிய டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அது சுமார் 600 பாகை சூட்டில் அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். நீரின் உஷ்ணம் உரிய அளவை எட்டாவிட்டால் கணினி அதற்கு அனுமதியளிப்பதில்லை. கரி அடைக்க அடைக்கப் புகை திணறும். திணறும் புகை டர்போவைச் சுற்றியே தேங்கும். குளிர்ச்சியை நாடிச் செய்த காரியம் உஷ்ணத்தில் வந்து முடிகிறது.

4. பனி பெய்யாத ஊரில் கூலன்ட் எதற்கு?

இக்கேள்வியைக் கேட்போர், கூலன்ட் உறைபனியைத் தடுப்பதற்கே உண்டானது என்று எண்ணுகிறார்கள். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். சரிபாதி கூலன்ட் கலந்த நீர் 107 பாகையளவில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் சேரும்போது இரண்டின் கொதிநிலையும் மேலும் இருபது பாகைக்கு மேல் உயர்ந்தாலும், இடைவெளி அப்படியே இருக்கும். இந்த ஏழு பாகை எங்கே முக்கியம் என்றால், வண்டியை நிறுத்திய மறுகணம், அச்சைத் தாங்கும் டர்போவின் நடுக்கூட்டில். பம்பு நின்றுவிட்டது, டர்பைன் கூட்டில் தேங்கிய சூடு உள்நோக்கிப் பாய்கிறது, அங்கே இருக்கும் கொஞ்சநஞ்ச நீர்தான் அச்சையும் ஆயிலையும் காக்க வேண்டும். அந்நீர் கொதித்து ஆவியாகிவிட்டால், ஆயில் கருகி அச்சைச் சுற்றிக் கரியாகப் படியும். தண்ணீர் சற்று அதிக உஷ்ணத்தைச் சுமக்கும் என்ற பெருமை, கொதிக்காமல் நிற்கும்வரையில்தான் செல்லும்.

மேலும், நாம் ஊற்றுவது சாஸ்திரம் பேசும் சுத்தமான தண்ணீரா? கடலோரத்து ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் கலந்திருப்பதை, காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்மையைக் கண்ட ஒவ்வொரு இல்லத்தரசியும் அறிவார். அதே வெண்மை ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் டர்போவின் நீர்ப்பாதையிலும் படிகிறது. உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள் கூலன்டில் உண்டு; குழாய்த் தண்ணீரில் இல்லை.

5. ஃபேன் எப்போதும் ஓடினால் என்ன கெடுதி?

வண்டி வேகமாய் ஓடும்போது எதிர்க்காற்றே ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது, நெரிசலில் ஏ.சி. போட்டிருந்தால் ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே நேரடி இணைப்பால் கிடைக்கும் லாபம் சொற்பம். நஷ்டமோ பெரிது. பல கார்களில், சாவியை அணைத்த பிறகும், உள்ளே சூடு மிகுந்திருப்பதைக் கணினி கண்டால் ஃபேனைச் சிறிது நேரம் ஓடவிடும். காற்றோட்டம் நின்றுபோனபின் பானெட்டுக்குள் உஷ்ணம் தணிவதில்லை. சில நிமிடங்களுக்கு ஏறவே செய்கிறது. அவ்வேளைக்கென்று வகுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டை நேரடி இணைப்பு ஒழித்துவிடுகிறது: சாவியோடு பிறந்த ஃபேன் சாவியோடு மடிகிறது. ரிலேயையும் ஃபியூஸையும் ஒதுக்கி இழுத்த மெல்லிய வயர், பெருத்த மின்னோட்டத்தைச் சுமந்து தானே ஒரு சூட்டுக் காரணமாகவும், சில வேளைகளில் தீக்குக் காரணமாகவும் ஆகக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

6. வழியைத் திறந்தால் காற்று நாம் நினைத்த திசையில் போகுமா?

காற்று அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும். நம் விருப்பத்தைக் கேட்டுப் போவதில்லை. வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்குவதால் அங்கே அழுத்தம் மிகுகிறது; காருக்குள் காற்று வரும் துவாரத்தை அந்த இடத்தில் வைத்திருப்பதன் காரணமும் அதுவே. பானெட்டின் பின்விளிம்பை உயர்த்தினால், வேகத்தில் அவ்வழியே சூடு வெளியேறுவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே புகும். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் கூடும். ரேடியேட்டரைத் துளைத்துவரும் காற்று குறையும். வண்டி நிற்கும்போது மட்டும் அனல் அவ்வழியே எழும். எழுந்த அனல் அருகிலுள்ள துவாரத்தின் வழியாகக் காருக்குள்ளேயே வந்து சேரும். நிறுத்திய வண்டியின் பானெட்டை முழுவதும் திறந்து வைப்பது பயனுள்ள காரியந்தான். ஓடும் வண்டியில் அரை அங்குலம் தூக்கி வைப்பது அதற்கு ஈடாகாது.

அண்டர் கவர் காற்றை அடைக்கிறது என்பதும் இத்தகைய பிரமையே. ரேடியேட்டரைக் கடந்த வெப்பக்காற்றை வண்டியின் அடியில் அழுத்தம் குறைந்த பகுதிக்கு வழிகாட்டி அனுப்புவதும், சாலையிலிருந்து எழும் காற்று உள்ளே மோதாமல் தடுப்பதும் அதன் தொழில். மழைக்காலத்தில் அதற்கு இன்னொரு தொழிலும் உண்டு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது இந்நகரத்து வீதிகளில் தேங்கிய வெள்ளத்தை மறந்தவர் யார்? அத்தகைய நீரில் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர், காய்ந்து கிடக்கும் டர்போவின் வார்ப்பிரும்புக் கூட்டின்மேல் நேராகப் படாதவாறு தடுப்பவற்றுள் அந்தக் கவரும் ஒன்று.

இதே வரிசையில், திறந்த ஏர் ஃபில்டரை யந்திரத்தின் பக்கத்திலேயே பொருத்தும் வழக்கத்தையும் சேர்க்க வேண்டும். வெளிக்காற்று 35 பாகையில் இருக்க, பானெட்டுக்குள்ளிருக்கும் 65 பாகைக் காற்றை உறிஞ்சினால், காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட டர்போ மேலும் கடுமையாக உழைத்து மேலும் சூடாகிறது.

7. தடதடக்கும் தகட்டைக் கழற்றுவது பழுதுபார்ப்பா?

கடலோர ஊருக்கே உரிய தீங்கு இது. ஆகையால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டர்போவையும் மேனிஃபோல்டையும் போர்த்தியிருக்கும் ஹீட் ஷீல்டு மெல்லிய தகடு. உப்புக்காற்று முதலில் அதன் போல்டுகளைத் தின்கிறது. பிறகு போல்டைச் சுற்றியுள்ள துளை துருவேறி அகல்கிறது. ஒரு நாள் ஐடிலிங்கில் நிற்கும்போது தகடு தடதடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்குகிறது. தகட்டைக் கழற்றினால் சத்தம் உடனே நின்றுவிடுகிறது. உரிமையாளருக்குத் திருப்தி, மெக்கானிக்குக் கூலி. ஆனால் முதல் பகுதியில் கணக்கிட்டுக் காட்டிய அந்த வெப்ப வீச்சுக்கும், அருகிலுள்ள வயர் கட்டு, ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் தொட்டி ஆகியவற்றுக்கும் இடையே நின்ற ஒரே காவல் அன்றோடு நீங்கிவிடுகிறது. வயரின் உறை உடனே உருகுவதில்லை. மாதங்கள் செல்ல விறைத்து, வெடித்து, உதிர்கிறது. பிறகு சென்சார் பழுது என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுகிறார்கள். மூலகாரணம் ஒருவர் நினைவுக்கும் வருவதில்லை. காவலற்ற கூட்டின்மேல் ஆயிலோ பெட்ரோலோ கசிந்தால் நேரக்கூடியது தீ விபத்து.

பரிகாரம் மிக எளிது. அகன்ற துளைக்குப் பெரிய வாஷர் ஒன்றும், துருப்பிடிக்காத புதிய போல்டும் போதும். அல்லது நீண்ட ஸ்டீல் கிளாம்பால் இறுக்கிவிடலாம். தகட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி இழைப் பட்டையைச் சுற்றுவோர், அப்பட்டை உப்பீரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் இரும்பை அரிக்கச் செய்யும் என்பதையும், ஆயில் ஊறினால் திரியாகிவிடும் என்பதையும் அறிந்துகொண்டு சுற்றட்டும்.

8. குளிர்தேசத்துச் சரக்கு, அம்பாசிடர் சாட்சியம்: இவற்றுக்கு என்ன விடை?

ரெனோ கார்கள் ஒரகடத்திலும், சித்ரோயன் கார்கள் திருவள்ளூரிலும், ஹூண்டாய் கார்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் கட்டப்படுகின்றன. மூன்றும் நம் வெயிலே காயும் ஊர்கள். இந்த மண்ணில் செய்து இந்த மண்ணில் விற்கும் பொருளை, பனிநாட்டு மனிதன் மறந்துபோய் விட்டுச்சென்ற சரக்கு என்று கருதுவதற்கு ஆதாரமில்லை. அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் யந்திரம் ஏறத்தாழ 50 குதிரைத்திறனையே தந்தது. அதில் டர்போவும் இல்லை, கணினியும் இல்லை, பானெட்டுக்குள் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. இன்றைய 999 சி.சி. டர்போ யந்திரமோ 100 குதிரைத்திறனைத் தருகிறது. மூன்றில் இரு பங்கு அளவுள்ள யந்திரம் இரு மடங்கு வேலையை, அதிலும் நெருக்கமான இடத்தில் செய்கிறது. முன்னதன் அனுபவத்தைப் பின்னதற்குப் பிரமாணமாகக் கொள்வது தர்க்கத்துக்குப் பொருந்தாது.

டர்போவின் உஷ்ணத்தை வென்றவர்கள் எவ்வழியில் வென்றார்கள் என்பதைச் சரித்திரமும் காட்டுகிறது. 1977-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதல் டர்போ காரைக் கொண்டுவந்த ரெனோ நிறுவனம், யந்திரம் மீண்டும் மீண்டும் புகைவிட்டு நின்றதால் பலருடைய பரிகாசத்துக்கு ஆளாயிற்று. அவர்கள் உறுப்புகளைக் கழற்றவில்லை; ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சிறிய டர்போக்களை அமைத்து, குளிர்விக்கும் ஏற்பாடுகளைத் திருத்தித் திருத்தி, 1979 ஜூலை 1 அன்று பிரான்சின் திஜோன் ஓடுதளத்தில் ழான்-பியேர் ழபூய் ஓட்டிய காரால் வெற்றி கண்டார்கள். வெப்பத்துக்குப் பாதை அமைத்ததே அவர்களுடைய வெற்றி.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் இடையே படியும் மணலையும் உப்பையும் பூச்சிகளையும், யந்திரம் ஆறிய பிறகு, தகடுகள் மடங்காதபடி மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். டர்போ அழுத்திச் சூடாக்கும் காற்று 100 பாகையைத் தாண்டிவிடுகிறதாகையால், அதைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் முகத்தையும் அவ்வாறே பேணுங்கள். ஃபேனைச் சூழும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால் மாற்றுங்கள். அது இல்லாத ஃபேன் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரைச் சோதியுங்கள். கூலன்டையும் ஆயிலையும் கம்பெனி குறித்த வகையிலும் காலத்திலும் மாற்றுங்கள். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டி வந்தால், நிறுத்துவதற்கு முன் கடைசி ஒன்றிரண்டு நிமிடங்களை நிதானமாக ஓட்டுங்கள். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

பட்டறைத் தொழிலாளரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வெயிலில் குப்புறக் கிடந்து நம் வண்டிகளை ஓடவைப்பவர்கள் அவர்களே. அவர்களிடம் கழற்றச் சொல்லிக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாம்தாம். சிறு தொகையை மிச்சம் பிடித்தோம் என்று மகிழ்பவர்களும் நாமே. ஓர் உறுப்பைக் கழற்றுவதற்கு முன், இது எந்த உஷ்ணத்தை எங்கிருந்து எங்கே கொண்டுபோகிறது, எதை எதனிடமிருந்து காக்கிறது என்று கேட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. அதற்கு விடை சொல்லும் கடமை பழுதுபார்ப்பவருக்கு உண்டு. விடை கிடைக்காதவரை ஸ்பானரைக் கீழே வைப்பதே விவேகம். ஏற்கெனவே கழற்றிவிட்டவர்கள், அடுத்த கத்திரி வெயில் தொடங்குமுன், அவை ஒவ்வொன்றையும் திரும்பப் பூட்டச் சொல்லட்டும்.